லுணுகலை ஏற்றத்தில் உடைந்த பல்

போன மாதம் பதுளையில் ஒரு கல்யாணம். லுணுகலை ஏற்றத்தில் எங்கள் வேன் முனகத் தொடங்கியது. கிளச் கருகும் நாற்றம் வந்ததும் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு மட்டும் வாய்க்குள் பழைய இரத்தத்தின் உப்புக் கரித்தது. எழுபதுகளின் கடைசியில், இதே ஏற்றத்தின் ஒரு வளைவில்தான் நான் ஒருவனின் முகத்தை உடைத்தேன்.

எங்கள் கல்முனைப் பக்கம் வந்திருந்தால் உங்களுக்குத் தெரியும். மேடு என்றால் அங்கே பாலம்தான். சைக்கிள் பந்தயத்துக்காக மலையேறிப் பழக, காரியரில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றை எதிர்த்து அம்பாறைப் பக்கம் மிதிப்போம். மாவடிப்பள்ளி வயலில் நின்றவர்கள் சிரிப்பார்கள்: “மண்ண எங்க கொண்டு போறீங்க தம்பி? அங்கயும் மண்தான் கிடக்கு!” எங்கள் மருதமுனையில் தறி மிதித்த கால் எந்த மலையையும் மிதிக்கும் என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்த காலம் அது.

யோகன் பக்கத்து ஊர்ப் பாண்டிருப்புக்காரன். அண்ணனின் சைக்கிளில் பெட்டி கட்டி எங்கள் தெருக்களில் மீன் விற்பான். போட்டி நாளில் பெட்டியைக் கழற்றிவிட்டு வருவான். வாடை மட்டும் கழலாது. சமதரையில் இரண்டு முறை என்னைத் தோற்கடித்தவன்.

அந்த முறை ஊர்ப் பையன்கள் நாங்களே சேர்ந்து, பிபிலை வரை லொறியில் போய், அங்கிருந்து லுணுகலைக்கு ஓடினோம். கியர் இல்லாத சைக்கிள்கள். பாதி ஏற்றத்தில் தொடை கிழிந்துவிடும் போலிருந்தது. மிதித்தபடியே வாந்தியெடுத்தேன். முன்னால் ஒருவன்தான் இருந்தான்.

திடீரென்று சைக்கிள் பின்னால் இழுபட்டது. யோகன் என் சீட்டைப் பிடித்திருந்தான்.

“விட்றா!”

விடவில்லை. காற்றடிக்கும் பம்பை உருவி, திரும்பிப் பாராமலே வீசினேன். மட்டையால் தேங்காயை அடித்தது போல ஒரு சத்தம். இருவரும் விழுந்தோம். அவன் எழும்ப முதல் அவன் மேல் ஏறி, முகத்தைச் சரளைக் கல்லில் அழுத்தித் தேய்த்தேன். அவன் என் கையைக் கடித்தான். தசை பிய்ந்தது. அப்போதும் வெறி அடங்கவில்லை. அவனுடைய சைக்கிளைத் தூக்கிப் பள்ளத்துக்குள் எறிந்தேன். கல்லுக்குக் கல் மோதிக்கொண்டு அது விழுந்த சத்தம் நெடுநேரம் கேட்டது.

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு வந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி கத்தினாள்: “ஏன்யா, இதுக்கா மலையேறி வந்தீங்க?”

நான் என் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினேன். ஏறி மிதித்துப் போய்விட்டேன். இரண்டாமிடம். லுணுகலையில் நின்றவர்கள் கைதட்டினார்கள், கையில் வழிந்த இரத்தத்தை வீரம் என்று நினைத்திருப்பார்கள்.

பின்னேரம், அஸர் தொழுகை தாண்டித்தான் யோகன் வந்தான். எட்டாக வளைந்த சில்லோடு, முறிந்த சைக்கிளைத் தோளில் சுமந்து நடந்தே ஏறியிருந்தான். முன்பல் இல்லை. திருப்பி அடிப்பான் என்று நின்றேன்.

“பல்லு போகட்டும்” என்றான். “அண்ணனுக்கு நான் என்ன சொல்ற?”

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனேன். அண்ணன் மீன் வெட்டும் கத்தியோடு எழும்பி வந்து என் சட்டையைப் பிடித்தார். கத்தி முனை கழுத்தில் குளிர்ந்தது.

“வெட்றதெண்டா வெட்டுங்க அண்ணன். சைக்கிள எடுத்துக்கங்க.”

யோகன் இடையில் பாய்ந்தான். “விடுங்கண்ணன்! நான்தான் முதல்ல அவன்ட சீட்டப் புடிச்சன்.”

அதை அவன் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

அன்று முதல் என் சைக்கிளில்தான் மீன் விற்றான். எங்கள் வாசலில் பெல்லை அடித்து, என் தாயிடம் “உம்மா, இண்டைக்குப் பாரை மீன்” என்பான். மலையைப் பற்றி நாங்கள் பிறகு கதைக்கவேயில்லை.

எண்பதுகளின் நடுவில் தமிழர், முஸ்லிம் கலவரம் வந்தது. இரண்டு ஊரிலும் புகை எழுந்தது. யோகன் வருவது நின்றது. நடந்துபோனால் கால்மணி நேரம். ஆனால் பயத்தில் மூன்று மாதம் நான் போகவில்லை. போனபோது, அவன் வீடிருந்த இடத்தில் கூரையில்லாமல் கரிபிடித்த சுவர்கள்தான் நின்றன. பக்கத்து வளவில் நின்ற ஒரு கிழவர், “எங்க போனாங்களெண்டு தெரியாது மனே” என்றார். “போறதுக்கு முதல் யோகன், மருதமுனையில ஒரு பொடியன் இருக்கான், வருவான் எண்டு ரெண்டு நாள் பாத்துக்கொண்டு இருந்தவன்.”