நிற்கிற உத்தியோகம்

"பச்சைக் குடை வெச்சிருக்காங்களே, அந்தச் சேச்சி மயில்கழுத்து நிறம்தான் வேணும்னு வருவாங்க. ஒரு மணி நேரம் கடையைப் புரட்டிட்டு மெரூன் எடுத்துட்டுப் போவாங்க." பிரஜிதா தன் புருஷன் சுதீஷின் காதில் சொன்னாள். மண்ணுத்தி பஸ் திருச்சூர் ரவுண்டு என்ற கடைவீதி வட்டத்தைத் தொடும்வரை இதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களின் முதுகைப் பார்த்தே இன்னார் பட்டு, இன்னார் பருத்தி, இன்னார் சும்மா விலை கேட்டுவிட்டுப் போகிறவர் என்று பிரித்துவிடுவாள்.

"அப்ப நான்?" என்று கேட்டான் சுதீஷ்.

"நீங்க பெண்டாட்டி உள்ள போனதும் வாசல்ல செருப்புக்குக் காவல் நிக்கிற ஆளு."

பிரஜிதாவுக்கு முப்பத்திரண்டு வயது. நெடுநெடுவென்று உயரம். பதினொரு வருஷமாக ஜவுளிக்கடையில் கல்யாணப் பட்டு விற்கிறாள். ஒரு சேலையை அவள் உதறினால் சேலையின் உடல் முழுதும் மேஜைமேல் விழுந்து முந்தானை மட்டும் வாங்க வந்தவரின் மடிப்பக்கம் போய் நிற்கும். "பிடிக்கல" என்பவரிடம், "பிடிக்க வேண்டாம், சும்மா தோள்ல போட்டுப் பாருங்க" என்பாள். போட்டுப் பார்த்தவர்கள் பாதிப் பேர் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். உதட்டில் நாலு பின்னைக் கடித்தபடி இவ்வளவும் பேசுவாள். வீட்டில் குழம்பு கொதிக்கும்போதும் பழக்கதோஷத்தில் ஒரு பின் உதட்டில் இருக்கும். அதற்காகச் சுதீஷ் அவளைத் திட்டாத நாள் கிடையாது.

இந்தத் தொழிலில் எல்லாம் சரி, நிற்பதுதான் பாடு. காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் இரவு எட்டரை வரை. நடுவில் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மூன்றாம் மாதத்தில் ஒன்று கலைந்தது. கடையின் மாடிப்படியில் வலி ஆரம்பித்து ஆஸ்பத்திரியில் முடிந்தது. "நின்னதாலதான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. ஆனால் மறுபடி உண்டான இந்த முறை, மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார், அரை மணிக்கு ஒரு தரம் உட்கார வேண்டும் என்று.

அந்தச் சீட்டைப் பழைய கடையில் காட்டினாள். பவ்வியமாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் சேலைக் கட்டின்மேல் இரண்டு நிமிஷம் அவள் உட்கார்ந்ததைக் கேமராவில் பார்த்துவிட்டு மேலே கூப்பிட்டார்கள். "நீ உட்கார்ந்தா நாளைக்கு நாப்பது பேரும் உட்காருவாங்க" என்றார்கள். மறுநாள் அவளை மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள். வேலை செய்கிறவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். இரண்டு நாள் படி ஏறிப் பார்த்தாள். மூன்றாம் நாள் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

ரோஷம் அடுப்பை எரிக்காது. சுதீஷ் பெயிண்டர். ஆடி மாதமான கர்க்கடகத்து மழையில் சுவருக்கு வர்ணமடிக்க யார் கூப்பிடுவார்கள்? நல்லவேளை, ஓணத்துக்கு ஆள் எடுக்கிற சமயமும் அதுதான். முதலில் போன கடையில் உண்மையைச் சொன்னாள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். "நல்ல காரியம் மோளே! பிரசவம் முடியட்டும், நேரா இங்க வா. உனக்கில்லாத வேலையா?" என்றார். இரண்டாவது கடையில் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் போனாள். அங்கே முதலாளியின் மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிட்டாள். பிள்ளையை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு லட்டு கொண்டுவந்து கொடுத்தாள். லட்டோடு சரி.

ஆக, வேலை கிடைக்க வேண்டுமென்றால் வயிற்றை மறைக்க வேண்டும். வேலையில் உட்கார ஒரு நாற்காலி கிடைக்க வேண்டுமென்றால் அதே வயிற்றைக் காட்ட வேண்டும். இதை நினைத்து நினைத்து அவளுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

"முதல்ல உள்ள நுழைஞ்சுடறேன். அப்புறம் பேச வாய் இருக்கு" என்றாள் சுதீஷிடம்.

"அஞ்சு மாசத்தை எப்படிடி மறைப்ப?"

"சேலைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

கொசுவத்தை நுணுக்கி மடித்து, வழக்கமான இடத்துக்கு மேலே ஏற்றிச் செருகி, முந்தானையை முன்பக்கம் தழைய விட்டிருந்தாள். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் சதை போட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுதீஷை எதிர்ப்பக்க டீக்கடையில் விட்டுவிட்டு மூன்றாவது கடையின் படி ஏறினாள்.

கடை மேனேஜர் டேவிஸ் கட்டையான மனிதர். கையைக் கட்டிக்கொண்டுதான் பேசுவார். "கேள்வி கேட்டு ஆள் எடுக்கறது எனக்குப் பழக்கமில்ல. அதோ ஒரு குடும்பம் வந்திருக்கு பாரு. அவங்ககிட்ட வித்துக் காட்டு" என்றார். அந்தத் தெருவில் விற்பனைக்கு ஆள் எடுப்பது இப்படித்தான்.

கர்க்கடகத்தில் இந்து வீடுகளில் கல்யாணப் பட்டு எடுக்க மாட்டார்கள். வந்திருந்தது ஒரு கிறிஸ்தவக் குடும்பம். ரோஸிலி என்ற அம்மாள், மகன் கல்யாணத்துக்கு மந்திரகோடி எடுக்க வந்திருந்தாள். சர்ச்சில் தாலி கட்டியதும் மாப்பிள்ளை பெண்ணின் தலையில் போர்த்தும் பட்டு அது. மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்க வேண்டும். பெண் அயர்லாந்தில் நர்ஸ், கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால்தான் வருவாளாம். கூட வந்திருந்த மகள் நிம்மி, விரித்த சேலையை எல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பதினேழாவது சேலையில் ரோஸிலியின் கை நின்றது. பொன்னிறம், ரத்தச் சிவப்புக் கரை. "படத்துல பார்த்தா எல்லாம் அழகுதான்" என்றாள் ரோஸிலி. "உடம்புல பார்க்கணும். வரப்போற மருமக ஜோஸ்னாவும் உன் உயரம்தான். கட்டிக் காட்டு மோளே."

மாட்டேன் என்று சொல்ல இந்தத் தொழிலில் இடமில்லை. பிரஜிதா கண்ணாடிக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறினாள். பின்களை உதட்டில் கடித்துக்கொண்டு, தன் சேலைக்கு மேலேயே பட்டைச் சுற்றி, ஒரு பின்னைத் தோளில் குத்தினாள். டேவிஸ் கண்ணாடிக்குள் தெரிந்தார். விரல் தானாகக் கொசுவம் எடுத்தது.

"இடுப்புல என்ன, தொளதொளன்னு? எங்க பொண்ணு ஒல்லி. இறுக்கிக் கட்டு."

ஒரு விரற்கடை இறுக்கினாள்.

"இன்னும்."

"நான் கட்டறேம்மா" என்று நிம்மி மேடையில் ஏறிவிட்டாள். "அன்னைக்கு அண்ணிக்கு உடுத்திவிடப் போறது நாத்தனார் நான்தானே?" சேலைத் தலைப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

பிரஜிதாவுக்கு அடிவயிற்றில் சுரீரென்றது. அந்த மாடிப்படி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நிம்மியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மீதிப் பின்களை உதட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"இதுக்கு மேல இறுக்காதீங்க. உள்ள ஒரு ஆள் இருக்கு."

நிம்மி நெருப்பைத் தொட்டவள்போல் கையை விட்டாள். கட்டியிருந்த டேவிஸின் கைகள் அவிழ்ந்தன. ரோஸிலி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து மேடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு."

"முதல்லயே சொல்றதுக்கென்ன, கழுதை? இவ பாட்டுக்கு இழுத்துட்டாளே!"

"சொன்னா வேலை தர மாட்டாங்க சேச்சி. வேலைக்குத்தான் வந்திருக்கேன். உங்களுக்கு வித்தாத்தான் எடுப்பாங்க."

ரோஸிலி திரும்பி டேவிஸை ஒரு பார்வை பார்த்தாள். டேவிஸ் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

"இதையே எடுத்துக்கறேன்" என்றாள் ரோஸிலி.

"அம்மா, இன்னும் நாலு பார்க்கலாமே?"

"வயித்துப்பிள்ளைக்காரி உடுத்திக் காட்டின சேலை. இதைவிட உனக்கென்ன சகுனம் வேணும்? வா, பில் போடலாம். மோளே, பத்திரமா மடிச்சு அனுப்பு."

இருவரும் பில் போடும் இடத்துக்குப் போனார்கள். டேவிஸ் மேடைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கைகாரிதான் நீ. இல்லேன்னு சொல்லல. ஆனா இதை மறைச்சிருக்கக் கூடாது."

"நீங்க கேட்கலையே சார்."

"முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது? இன்னைக்கு அஞ்சு மாசம். ஓணம் முடிஞ்சு கல்யாண சீசன் சூடு பிடிக்கறப்ப நீ போயிடுவ."

"டிசம்பர் வரைக்கும் விப்பேன் சார். எனக்கு ஒரு ஸ்டூல் போதும். சேலை விரிக்கறப்ப நிக்கிறேன், மடிக்கறப்ப உட்கார்றேன்."

"ஸ்டூலா? நல்ல கதை. மத்தவங்க கேட்டா?"

"அவங்களுக்கும் போடுங்க."

டேவிஸ் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "பிரசவம் முடியட்டும் மோளே. நேரா இங்க வா. உனக்கில்லாத வேலையா?"

மூன்றாவது கடையிலும் அதே பாட்டு.

"சரி, அதை அவிழ்த்துக் கொடு. அவங்க காத்துட்டிருக்காங்க" என்றார் டேவிஸ்.

பிரஜிதாவின் கை தோளில் குத்தியிருந்த பின்னுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு பின்னைத் தொடாமலே இறங்கி வந்தது.

"மோளே, ஆச்சா?" என்று ரோஸிலியின் குரல் கேட்டது.

"இதோ சேச்சி! சார்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் பிரஜிதா.

பொன்னிறப் பட்டின் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி மேடையிலிருந்து பார்த்துப் பார்த்து இறங்கினாள். வாங்க வருகிறவர்களுக்காகப் போட்டிருந்த மெத்தை நாற்காலியை இழுத்து, சாய்ந்து உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "வேலையைப் பேசி முடிச்சதும் அவிழ்த்துத் தர்றேன் சார்" என்றாள். அப்புறம், எதிரே காலியாகக் கிடந்த நாற்காலியை டேவிஸுக்குக் கையால் காட்டினாள்.