உளவு அக்கா

விசைப்பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறார் உளவு அக்கா. அடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டில் கடவுச்சொல். சத்தமில்லாமல் உரித்தெடுத்து, உரியவரின் உள்ளங்கையில் வைத்து மூடுகிறார்.

"மனசுல எழுதிக்கம்மா. அங்கதான் யாரும் கூட்டிப் பெருக்க வரமாட்டாங்க."

ஆஸ்பத்திரியின் கணினிகளுக்குக் காவல் இருப்பது அவர் வேலை. உளவாளிகளின் வழக்கங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, வேலைக்கும் வீட்டுக்கும் அதையே பாடமாக வைத்துக்கொண்டவர். பட்டப்பெயர் அப்படி வந்தது. யாருக்கு எது தேவையோ அது மட்டும் தெரிந்தால் போதும் என்பார். சமையல்காரருக்கு நோயாளியின் பத்தியம் தெரியும், நோய் தெரியாது. பகைவன் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டுதான் காலையில் கணினியைத் திறப்பார். கணவர் புது எண்ணிலிருந்து கூப்பிட்டாலும் சோதனைதான்.

"நம்ம கல்யாணத்துல கோவிச்சுக்கிட்டுப் போனது யாரு?"

"உன் பெரியப்பாதான். இன்னும் பேசல."

"சரி, சொல்லுங்க."

போன வாரம் ஒரு மதியம், வரவேற்பு மேசைப் பெண் முகம் வெளிறிப்போய் அவர் அறையில் வந்து நின்றாள். டாக்டரின் உதவியாளர் என்று சொல்லி ஒரு குரல் போனில் கனிவாகப் பேசியிருக்கிறது. இவளும் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

"அக்கா, என் வேலை போயிடும்."

"எதிரி மொறைச்சுக்கிட்டா வருவான்? சாப்டீங்களான்னு கேட்டுக்கிட்டேதான் வருவான். நீ உடனே ஓடி வந்து சொன்னியே, அது போதும். உக்காரு."

பேசிக்கொண்டே அவள் கணக்கை முடக்கினார். யாரோ அதற்குள் நுழைந்திருந்தார்கள். நோயாளிகளின் கோப்புகளில் கை வைக்கும் முன்பே வெளியே தள்ளியாயிற்று.

செய்தி கேட்டு மேலாளர் வேகமாக உள்ளே வந்தார்.

"யாரு குடுத்தது? பேரைச் சொல்லுங்க."

"தகவல் சொன்னவங்க பேரை உளவாளிங்க வெளிய விடமாட்டாங்க சார். இன்னிக்கு ஒருத்தரைக் காட்டிக்குடுத்தா, நாளைக்கு ஒருத்தரும் என்கிட்ட வாயைத் திறக்க மாட்டாங்க. அப்புறம் கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் நான் காவல் காக்கணும்."

"மேலிடத்துக்கு நான் என்ன பதில் எழுதறது?"

"என் பேரை எழுதிக்கங்க."

மேலாளரின் பார்வை மெல்ல, மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பெண்ணின் பக்கம் நகர்ந்தது. அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். இருவருக்கும் நடுவே போய் நின்றுகொண்டார்.