இடி கேட்டால் பெயர் கூப்பிடு

மலேசியாவில், கோலா சிலாங்கூரில், பிற்பகல் மூன்று மணி ஆனதும் எல்லோரும் ஒருமுறை வானத்தைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே போய் இறங்கிய எனக்கு அந்தச் சுளிப்பு புரியவில்லை. என் ஊரான தொண்டியில் நாங்களும் வானத்தைப் பார்த்தவர்கள்தான். ஆனால் அது தர்ம ஆஸ்பத்திரியில் டாக்டர் வரும் வழியைப் பார்ப்பது போன்ற பார்வை. இங்கே மழை யாரும் கூப்பிடாமலே வந்தது. மேகம் கறுத்ததும் என் மச்சான் தன் சாப்பாட்டுக் கடையின் வெளி மேசைகளை உள்ளே இழுப்பார். நான் நாற்காலிகளை அடுக்குவேன். இதற்காகவா பி.ஏ. படித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வகையில் நல்ல நாடு.

புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் மாணிக்கம் என்று ஒரு கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கடையில்தான் தோசை. பலகையில் நான் எழுதியிருந்த உணவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒருநாள், "பாய், உங்க எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு லா. நம்ம பையனுங்க பந்து டீமுக்கு வருகைப் பதிவு நீங்க போடுங்க" என்றார். எனக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன். "பந்தை அவனுங்க பாத்துக்குவானுங்க. நீங்க பேரைப் பாத்துக்குங்க."

பெயர் கூப்பிடுவது எனக்குப் புதிதில்லை. ஊரில் இரண்டு வருஷம் தற்காலிக வாத்தியாராக இருந்தேன். அங்கே மதிய உணவு முடியும்வரைதான் வருகை. பிறகு நானும் நாற்காலியும். இங்கே கிராணி நோட்டின் முதல் பக்கத்தில் விதிகளையே எழுதி வைத்திருந்தார். காரணமில்லாமல் இரண்டு பயிற்சிக்கு வராதவனுக்கு அந்த வார ஆட்டம் கிடையாது. இடி கேட்டால், மழை வந்தாலும் வராவிட்டாலும், உடனே திடலை விட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும்; மரத்தடி கூடாது. உள்ளே போனதும் பெயர் கூப்பிட வேண்டும். கடைசி இடியிலிருந்து அரைமணி நேரம் யாரும் வெளியே போகக் கூடாது. இடிக்கு ஒரு விதியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கிராணி சிரிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் கித்தா எனப்படும் ரப்பர் மரத்தடியில் ஒதுங்கிய இரண்டு பேரைத் தூக்கிவந்த லோரியில் தானும் இருந்ததாகச் சொன்னார். பிறகு இன்னொரு தோசை கேட்டார்.

ஆட்டம் தெரியாததால் நான் விதியைப் பிடித்துக்கொண்டேன். கோலா குபு பாருவில் கல்யாணம் என்று சொல்லாமல் போய்விட்ட எங்கள் சிறந்த ஆட்டக்காரனை வெளியே உட்கார வைத்தேன். தோற்றோம். என் நோட்டில் ஒரு நாள்கூட விடுபடாதவன் கோல்கீப்பர் சேகர் மட்டும்தான். பதினைந்து வயது. அவன் அம்மா அஞ்சலை அந்தத் தோட்டத்தில் பால் மரம் வெட்டுபவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பவர். மகன் ஆடும் ஆட்டம் எதையும் விடமாட்டார்.

கோப்பைக்கான கடைசி ஆட்டம் சுங்கை புரோங் பக்கத்துக் கம்பம் ஒன்றில், அதாவது மலாய்க் கிராமத்தில், நடந்தது. சுற்றிலும் நெல்வயல். கிராணியின் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதால் அன்றைக்குப் பொறுப்பு எனக்கு. பதினைந்து பையன்களும் பெற்றோரும் தோட்டத்து லோரியில் வந்திறங்கினார்கள். நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். இன்னும் பதினைந்து நிமிஷம். நல்ல வெயில். அப்போது கடல் பக்கமிருந்து ஓர் இடி கேட்டது.

ரெஃப்ரி கண்டுகொள்ளவில்லை. நான் திடலுக்குள் ஓடி, "அடா குரு! அடா குரு!" என்றேன். மலாயில் 'அடா' என்றால் இருக்கிறது; இடிக்குக் 'குரூஹ்' என்று பெயர். அவசரத்தில் வாலை விழுங்கிவிட்டேன். வால் போனால் அது வாத்தியார். "குரு மானா?" என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கே வாத்தியார் என்று அர்த்தம். நான் வானத்தைக் காட்டினேன். அவர் முகம் இளகியது. என் தோளில் கை வைத்து, "சபார்" என்றார். அந்தச் சொல் எங்கள் வீட்டிலும் உண்டு: பொறுமை. என் வாத்தியார் இறந்துவிட்டதற்கு ஆறுதல் சொல்லிவிட்டு அவர் ஆட்டத்தைத் தொடர விசில் ஊதினார்.

நான் தமிழில் கத்தினேன். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு வந்தார்கள். ஒருவன் அழுதான். கம்பத்துப் பொது மண்டபத்துக்குள் போனதும் பெயர் கூப்பிட்டேன். சேகருக்குப் பதில் இல்லை. வெளியே பார்த்தேன். கோல் கம்பங்களுக்கு நடுவே தனியாக நின்றான்.

"ஏங்க பாய், ஒரே ஒரு இடி! அதுவும் கடல்ல! புள்ளைங்க வயித்தெரிச்சலக் கொட்டிக்காதீங்க" என்றார் அஞ்சலை.

"அக்கா, உங்க மகன்தான் வெளிய நிக்கிறான்."

"நிக்கட்டும். அவனாச்சும் நிக்கட்டும்."

நான் நடந்தேன். அந்த வெளியில் கோல் கம்பங்களை விட்டால் உயரமாக நின்றது நானும் சேகரும்தான். இவ்வளவு பயம் எனக்குள் இருந்தது அன்றுதான் தெரிந்தது.

"நான் இங்க நின்னா டீம் திடலை விட்டுப் போகலைன்னு அர்த்தம், பாய்" என்றான்.

எனக்கு வேறு அதிகாரம் எதுவும் இல்லை. நோட்டைத் திறந்தேன். "பேரைக் கூப்பிட்டேன், நீ இல்ல. வரலைன்னு போடணும்டா. இதுவரைக்கும் உனக்கு ஒண்ணுகூட இல்ல."

நோட்டில் தன் பெயர் வரிசையை விரல் வைத்துப் பார்த்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான்.

அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது இடி இடிக்கவில்லை. ஒரு சொட்டு விழவில்லை. திடலை விட்டுப் போனதால் தோல்வி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது லோரியில் ஒரே ஒரு பேச்சுதான். "நல்லா காயுது பாய் வெயிலு" என்றார் அஞ்சலை.

அந்த வாரம் தோட்டத்து ஆள்கள் எங்கள் கடைக்கு வரவில்லை. கிராணி மட்டும் பெண் பிறந்த மிட்டாயோடு வந்து, "சரியாத்தான் செஞ்சீங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார், சுற்றிலும் பார்த்துவிட்டு. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அடுத்த பயிற்சிக்குப் போனேன். நான்கு மணிக்கு இடித்தது. நான் வாய் திறக்குமுன் பையன்கள் தோட்டத்து மண்டபத்துக்குள் ஓடினார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து அஞ்சலை பாதி சீவிய தலையோடு ஓடிவந்து வாசலில் நின்றார். "என்ன பாய் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பேரைக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். சேகர் என்றதும் "இருக்கேன்" என்றான் அவன். "இருக்கான்" என்றார் அவரும்.

தகரக் கூரையில் மழை கொட்டியது. வெளியே போக அரைமணி நேரம் இருந்தது. காலையில் தொண்டியிலிருந்து வந்த மனைவியின் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மறுபடி படித்தேன். 'ஆறு மாசத்துக்குப் பிறகு நேத்துதான் மழை. இடிச்சதும் தெருப் பிள்ளைகளோட நம்ம பையனும் வெளியே ஓடிட்டான். கூப்பிட்டேன், வரலை. அஞ்சு வயசுல இதுதானே சந்தோஷம், நனையட்டும்னு விட்டுட்டேன். நீங்க பாத்திருக்கணும்.' கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகியிருந்தது. எழுந்து போய் வாசலில் நின்று திடலைப் பார்த்தேன். மழையைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

"யாரை பாய் தேடுறீங்க? பதினஞ்சும் உள்ளதான் இருக்கு" என்றார் அஞ்சலை.

"ஆமாக்கா" என்றேன். ஆனாலும் வெளியே பார்த்துக்கொண்டே நின்றேன்.