பட்டாளத்து ஆஸ்பத்திரியின் விரிசல் விடாத சுவர்

நர்ஸ் வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: ஊசி போடக் கையைப் பிடித்த பிறகுதான் நோயாளிக்கு உலகத்துச் சந்தேகமெல்லாம் வரும். எழுபதுகளில் நான் வேலை பார்த்த சர்க்கார் ஆஸ்பத்திரி, கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவே பருத்திக் காட்டுக்குள் இருந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பட்டாளத்துக்காகக் கட்டிய நீளநீளமான ஓட்டுக் கட்டடங்கள். அதனால் அங்கே கேள்வியெல்லாம் கட்டடத்தைப் பற்றித்தான். பதில் எனக்கும் தெரியாது, ஆபீசிலும் ஒரு காகிதம் கிடையாது.

உத்தரத்துக் கொக்கி

ஒவ்வொரு கட்டிலுக்கும் நேர்மேலே உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி. வயிற்றுவலியோடு வந்த மிளகாய் வெள்ளாமை செய்கிற சம்சாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் படுக்கவே மாட்டேன் என்றார். அந்தக் காலத்தில் ஆளை அதில் கட்டித் தொங்கவிட்டு வைத்தியம் பார்த்தார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளூர எனக்கும் அந்தப் பயம் உண்டு.

பக்கத்துக் கட்டிலில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர் ஒருவர் இருந்தார். "கொசுவலை கட்டுத கொக்கி, அண்ணாச்சி" என்று சிரித்தார். சம்சாரி தன் கையில் உட்கார்ந்த கொசுவை ஓங்கி அடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவியளுக்கு வலை, எங்களுக்குக் கொசுவாக்கும்?"

புதுசும் பழசும்

ஒருநாள் இன்ஜினியர் வந்தார். மூன்று வருஷத்துக்கு முன் கட்டிய புதுப் பிரசவ வார்டில் விரல் நுழைகிற விரிசல். கரிசல் மண் கோடையில் பிளக்கும், மழையில் உப்பும். மேலே நிற்கிற சுவர் என்ன செய்யும்? புதுசுக்கே இந்தக் கதி என்றால் பழசு விழுந்துவிடும் என்று, பழைய கட்டடத்தில் இருந்த பெண்கள் வார்டை மூடி இடிக்கச் சொல்லி எழுத உட்கார்ந்துவிட்டார். மூடினால் என் நோயாளிகள் அத்தனை பேரும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டும்.

"பழசுல ஒரு கீறல்கூட இல்லையே சார்?" என்றேன். அவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "அதுதான் சிஸ்டர், எனக்குப் பயமா இருக்கு."

சவரியம்மாள்

இதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவர் சவரியம்மாள். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை, ஆஸ்துமாவுக்காகச் சேர்ந்திருந்தார். "இதுக்கு மண்ணு சுமந்தவ நான்லா" என்றார் மூச்சு வாங்க. கரிசலை ஓர் ஆள் ஆழத்துக்கு அள்ளியெடுத்து, வைப்பாற்று மணலை வண்டி வண்டியாகக் கொட்டி, அதன்மேல்தான் அஸ்திவாரம் போட்டார்களாம்.

இன்ஜினியர் நம்பவில்லை. ஆள் விட்டுச் சுவரோரம் தோண்டச் சொன்னார். சவரியம்மாளும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். முழங்கால் ஆழம்வரை மேலே மூடியிருந்த கறுப்பு மண். அப்புறம் மண்வெட்டி சரக்கென்று மணலில் இறங்கியது. இன்ஜினியர் ஒரு பிடி அள்ளி, "மணல் பிளக்காது, உப்பாது" என்றார். பிறகு எழுதிய தாளைக் கிழித்தார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ உள்ள எப்படியிருந்ததும்மா?" என்று ஆசையாகக் கேட்டேன். "கட்டி முடிச்ச அன்னைக்கே எங்கள வெளிய அனுப்பிட்டாவ. வாசல்ல துப்பாக்கிக்காரன். உள்ள பாக்குததுக்கு முப்பது வருசம் கழிச்சு இந்த எளப்பு வர வேண்டியிருந்துச்சு, நர்சம்மா."

அந்த ஆஸ்பத்திரியில் நான் படித்த ஒரே பாடத்தை உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்: தெர்மாமீட்டரை வாயில் வைப்பதற்கு முன்னால் நோயாளியைப் பேச விட்டுவிடுங்கள்.