உடு

சேக்காட்டு மைதானத்தில் எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு தந்திரம். அதற்குப் பெயர் 'உடு'; 'விடு' என்பது எங்கள் வாயில் அப்படித்தான் வரும். ஓரத்திலிருந்து பந்து உருண்டு வரும். என் கூட்டாளி அடிக்கப்போகிறவன் மாதிரி காலைத் தூக்குவான். பின்னால் ஓடி வருகிற நான் "உடு" என்பேன். பந்தைத் தொடாமல் கால்களுக்கு நடுவே போகவிடுவான். கோல்கீப்பர் அதற்குள் அவன் பக்கம் பாய்ந்திருப்பார். நான் காலி கோலில் தட்டிவிடுவேன். பேர் எனக்கு வரும், ஆட்டம் என்னவோ அவனுடையதுதான். அவனைப்போல ஆடிய ஒருத்தனை அப்புறம் நான் பார்க்கவில்லை.

அறுபதுகளின் நடுவில், பூந்தமல்லிக்குக் கல்யாணத்துக்கு வந்த பினாங்குக்காரர் ஒருவர் அவன் ஆட்டத்தைப் பார்த்தார். அங்கே ஒரு கம்பெனி அணியில் இடம், கிடங்கில் வேலை என்றார். அம்பத்தூரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பூட்ஸ் போட்டு ஆட வேண்டுமே என்று நாங்கள் கொஞ்சம் பயந்தோம். அணியில் பாதிப் பேர் தமிழர்கள் என்றதும் அந்தப் பயமும் போய்விட்டது.

பூட்ஸ் ஒன்றும் செய்யவில்லை. தமிழ்தான் கவிழ்த்தது.

முதல் ஆட்டம். கோலுக்கு எதிரே பந்து வருகிறது. அணித்தலைவர் "விடுடா" என்று கத்தியிருக்கிறார். ஓங்கி ஒன்று விடு என்று அர்த்தம். இவன் அழகாகக் காலைத் தூக்கி, பந்தைப் போகவிட்டான். பின்னால் யாருமில்லை. மைதானமே சிரித்ததாம். அடுத்த ஆட்டத்தில் அதே குரல் வந்ததும் உஷாராக ஓங்கி அடித்தான். அன்றைக்கு அவர் நிஜமாகவே தொடாமல் விடத்தான் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு பந்து வந்தால் யோசிக்க ஆரம்பித்துவிட்டான். கொஞ்ச நாளில் வெளியே உட்காரவைத்தார்கள், அப்புறம் கிடங்கு மட்டும்தான்.

திரும்பி வந்தவனைப் பற்றி ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியது. குடி என்றார்கள், திமிர் என்றார்கள். நடந்ததை நான் எடுத்துச் சொன்னால் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வந்த வாரமே அவனைச் சேக்காட்டுக்கு இழுத்துப்போனேன். இங்கே வந்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன். பந்து வந்தது. "உடு" என்றேன். பந்தைக் காலால் மிதித்து நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா சொன்னே?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிரணிக்காரன் பந்தைத் தட்டிக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் அவன் மேனாம்பேட்டில் குடியேறி லேத் பட்டறையில் சேர்ந்தான். எழுபதுகளில் ஒருநாள் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவனிடம், ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒரு ஆட்டம் ஆடலாம் வா என்று கெஞ்சினேன். கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"உடு மாமே" என்றான்.

என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.