பத்து நாளில் பதில் சொல்லவும்

விமானம் ஓட்டும் தொழிலில் எஞ்சின் தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதற்குக்கூடப் புத்தகம் இருக்கிறது, வேலை மாறலாமா என்பதற்கு மட்டும் இல்லை. வளைகுடாவிலிருந்து வந்த வேலைக் கடிதத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும் சக பாவிகளே, கேளுங்கள்.

இங்கே நான் ஒன்பது வருடமாகக் கோ-பைலட். அங்கே போனால் கேப்டன். ஆனால் தனியாகத்தான் போக வேண்டும். மனைவி ஜெசிந்தா சேலையூரில் கணக்கு டீச்சர், மகள் நான்சி ஒன்பதாம் வகுப்பு. இரண்டு பேரும் பீர்க்கன்கரணையை விட்டு நகர்வதாக இல்லை. பதில் சொல்லப் பத்து நாள் கெடு.

ஜெபக் குறிப்பு

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா சர்ச்சில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள்: 'வெளிநாட்டு வேலை பற்றி என் கணவர் சரியான முடிவெடுக்க ஜெபிக்கவும்.' அன்று சீட்டுகள் அதிகம். போதகர் சுருக்கி வாசித்தார்: "சகோதரர் வெளிநாடு செல்கிறார், அவருடைய பிரயாணத்துக்காக."

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வரிசையில் நின்று கை குலுக்குகிறார்கள். பாடகர் குழுவில் பாடும் எஸ்தர் அக்கா, தோகாவில் இருக்கும் மகனுக்கு என்னிடம் கொடுத்தனுப்ப வீட்டுக்கு ஓடிப்போய்ப் பருப்புப் பொடி எடுத்துவந்தார். இன்னும் முடிவே பண்ணவில்லை அக்கா என்றேன்.

"பரவால்ல தம்பி, நல்லா வறுத்ததுதான். ரெண்டு மாசம் தாங்கும்."

அரைக் கிலோ

கோவளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் தேவகிக்கும் விஷயம் எட்டிவிட்டது. வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே விசாரித்தார். போகலாமா வேண்டாமா என்று தெரியவில்லை என்றேன்.

"எங்க வூட்டுக்காரரும்தான் கடலுக்குப் போறாரு. மத்தியானம் சோத்துக்கு வந்துடுறாரு. நீ எப்போ வருவே?" என்று கேட்டார். ஆறு வாரத்துக்கு ஒரு முறை என்றேன். கத்தி நின்றது. ஏதோ ஆறுதலாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"போறதுன்னா முன்னாடியே சொல்லிரு சார். அரைக் கிலோ கம்மியா எடுத்துகினு வருவேன்."

பத்தாயிரம் அடி

அந்த வாரம் என்னோடு பறந்த கேப்டன் ஆறு வருடம் வெளிநாட்டில் ஓட்டிவிட்டுத் திரும்பியவர். சென்னைக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போது, "ஏன் சார் திரும்பி வந்தீங்க?" என்று கேட்டேன். பெருமூச்சு விட்டார். வாயைத் திறந்தார். அதற்குள் பத்தாயிரம் அடி வந்துவிட்டது.

பத்தாயிரம் அடிக்குக் கீழே விமானத்தைத் தவிர வேறு பேச்சு பேசக் கூடாது என்பது எங்கள் விதி. பன்னிரண்டு நிமிடம் இரண்டு பேரும் சக்கரம், இறக்கை, காற்று என்றே பேசினோம். என் வாழ்க்கையிலேயே நீளமான பன்னிரண்டு நிமிடம் அது. தரையிறங்கி, எஞ்சினை அணைத்து, கடைசிச் சரிபார்ப்பையும் படித்து முடித்த பிறகு பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"லீவுல வந்தப்ப, ஃபேன் சுவிட்ச் எதுன்னு என் வீட்லயே கேட்டேம்பா. யாரும் சிரிக்கல."

காரணம் கேட்கக் கூடாது

கெடுவின் கடைசி நாள். "நீங்களே சொல்லுங்க" என்கிறாள் ஜெசிந்தா. "நீ சொல்லு" என்கிறேன் நான். இரவுச் சாப்பாடு ஆறிப்போனது. விமானத்தில் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன்: இறங்கும்போது இரண்டு பைலட்டில் யார் 'வேண்டாம்' என்றாலும் மற்றவர் உடனே விமானத்தை மேலே தூக்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் ஏன் என்று கேட்கக் கூடாது.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "என்னாலதான் நீங்க கேப்டன் ஆகலைன்னு நாளைக்கு ஒரு நாள் தோணும். உங்களுக்குத் தோணலைன்னாலும் எனக்குத் தோணும்." அவள் சொன்னது சரி. எனக்கும் அதே பயம்தான். போய்விட்டு வந்து விருந்தாளியாகிவிடுவேனோ என்ற பயம் அதைவிடப் பெரிது. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

நான்சி தட்டைக் கழுவி வைத்துவிட்டு என் வலது பக்கம் வந்து நின்றாள்.

"வேண்டாம்ப்பா. காரணம் கேக்கக் கூடாதுல்ல?"

ஒன்பது வருடமாக இடது பக்க சீட்டில் இருக்கும் கேப்டனிடமிருந்து எது வந்தாலும் 'சரி' சொல்லிப் பழகியவன், வலது பக்கத்திலிருந்து வந்ததற்கும் 'சரி' என்று சொல்லிவிட்டு மெயிலைத் திறந்தேன்.