விளக்கு வைப்பதற்குள்

புக்கிட் ரோத்தானில் நாங்கள் ஒன்பது வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று, வீட்டுச் சொந்தக்கார அக்கா சுவர் சுவராகத் தடவிப் பார்த்தார். என் கணவர் ஆணி ஓட்டைகளை எல்லாம் அடைத்துச் சாயம் அடித்து வைத்திருந்ததால் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கரண்டு பில்லும் தண்ணீர் பில்லும் வரட்டும், கழித்துக்கொண்டு டெபாசிட்டைத் தருகிறேன் என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அக்கா இருந்தது அடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். சாயங்காலம் ஆறரைக்கு அந்தச் சுவருக்குப் பின்னால் மணி அடிக்கும். சாமி விளக்கு ஏற்றிவிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் வீட்டில் மற்ற லைட்டையே போடுவார். அவர் கணவர் கிள்ளான் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் கிடந்தபோதுகூட, ஆறரைக்கு வீட்டுக்கு ஓடி வந்து விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்ப ஓடினார். அந்த மணிச் சத்தத்தை வைத்துத்தான் நான் அடுப்பில் சோற்றுப் பானையை ஏற்றுவேன்.

நாங்கள் புதிதாக வாங்கியது தஞ்சோங் காராங்கைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டின சின்ன வீடு. சொந்த வீடு! அதில் எல்லாம் பிடித்திருந்தது, பின்பக்கம் தவிர. நான் இடியப்பம் அவித்து விற்கிறவள். பழைய வீட்டில் அவிப்பதற்குப் பின்னால் தகரக் கூரை போட்ட குசினி இருந்தது. இங்கே பின்னால் நின்று அண்ணாந்து பார்த்தால் ஆகாயம்தான். குடியேறின வாரமே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு தடவை மாவு நனைந்து பாழாகி, வாடிக்கைக்காரர்களிடம் இன்றைக்கு இல்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. இன்னும் நாலு தடவை அப்படிச் சொன்னால் அவர்கள் வேறு இடியப்பக்காரியைத் தேடிப் போவார்கள், அவ்வளவுதான். கூரை போடுகிற ஆள் வந்து அளந்துவிட்டுப் போனார். சனிக்கிழமை காலையில் முன்பணம் கையில் இருந்தால் வேலையைத் தொடங்குவாராம். இல்லையென்றால் சுங்கை செம்பிலாங்கில் ஒரு பெரிய வேலைக்குப் போய்விடுவாராம், திரும்பி வர மாதக்கணக்கில் ஆகுமாம். எங்களுக்கு அந்த முன்பணம் என்றால் அக்காவிடம் இருக்கும் டெபாசிட்தான். வேறு காசு எல்லாம் வீடு வாங்கினதிலேயே கரைந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை அக்கா போன் செய்து பில் வந்துவிட்டது என்றார். என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் எங்களுக்கு மோட்டார் சைக்கிள். பஸ்ஸை நம்பலாம் என்றால், அது எப்போது வரும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி தாண்டிவிட்டது. அக்கா உட்கார வைத்து டீ கொடுத்தார், பலகாரம் கொடுத்தார். காசை மட்டும் கொடுக்கவில்லை.

"விளக்கு வச்சாச்சேம்மா. இனிமே எப்படிக் காச வெளிய எடுக்கிறது?"

நானும் அதே ரகம்தான். விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து ஒரு கை உப்பு கேட்டால்கூட, நாளைக்கு வாம்மா என்று அனுப்புகிறவள் நான். என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நல்லா வேணும் உனக்கு என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் செவ்வாய். செவ்வாய், வெள்ளியில் காசு கொடுக்கிற பேச்சே கிடையாது. பேங்கில் போட்டுவிடச் சொன்னால், அவர் காசு இருப்பது பிஸ்கட் டின்னில். பக்கத்தில் யாரிடமாவது கொடுத்து வைக்கச் சொன்னால், பிறத்தியார் கையை நம்ப மாட்டார். புதன்கிழமை லோரி தோட்டத்துச் சேற்றில் மாட்டிக்கொண்டதால் இன்னும் தாமதமாகப் போனோம். மறுபடியும் டீ, மறுபடியும் பலகாரம். திரும்பும் வழியில் என் கணவருக்குப் பொறுமை போய்விட்டது.

"குடுக்க மனசு இல்லாதவங்களுக்கு விளக்கு ஒரு சாக்கு லா," என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு வெள்ளிக் காசுகூட வாடகை ஏற்றாத மனுஷியை இப்படிச் சொல்லலாமா என்று வழி நெடுக அவரிடம் சண்டை போட்டேன். ஆனால் படுத்த பிறகு என் மனதையும் அது குடையத்தான் செய்தது.

வியாழக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை. இன்றைக்கு எப்படியும் வருகிறோம், சனிக்கிழமை கூரைக்காரர் போய்விடுவார் என்று காலையிலேயே அக்காவிடம் போனில் சொன்னேன். சரி, வா என்றார். என் கணவர் முதலாளியிடம் கெஞ்சி சீக்கிரமே கிளம்பி வந்தார். எங்கள் நேரம், வயல் பக்கத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றோம். ஆறரையும் போனது, ஏழும் போனது. இன்றைக்கும் விளக்கு அது இது என்று சொல்லட்டும், அக்காவாவது ஒன்றாவது, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று மனதுக்குள் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தால் வீடு இருட்டாகக் கிடந்தது. சாமி விளக்கும் இல்லை, வாசல் லைட்டும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றே நினைத்தேன். அடுக்கி வைத்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்றோ, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. "பாத்தியா," என்றார் என் கணவர். இன்ஜினைக்கூட அவர் அணைக்கவில்லை.

"யாரு, நீதானா?"

வாசல் இருட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் காலில் கொசுவை அடித்துக்கொண்டு, மறு கையில் ஓர் உறையைப் பிடித்திருந்தார்.

"என்னக்கா, இருட்டுல உக்காந்திருக்கீங்க?"

"விளக்கு வச்சிட்டா காச எடுக்க முடியாதே. நீங்க மழையில மாட்டிக்கிட்டிருப்பீங்கன்னு தெரியும். நீ வரட்டும்னு இன்னும் வைக்கல."

உறையை என் கையில் வைத்தார். பில்லுக்கு மட்டும் கழித்திருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள் என்றார். நான் எண்ணவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கொசு கடித்த தடிப்பு முழங்கை வரைக்கும் விரலில் தட்டுப்பட்டது. அக்கா கையை விடுவித்துக்கொண்டார்.

"சரி சரி, கெளம்பு. நான் போய் விளக்கு வைக்கணும்."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து, போகலாம் என்று என் கணவரின் தோளைத் தட்டினேன். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"இரு," என்றார். "மணி அடிக்கட்டும்."